அது ஒரு ஆள் வண்டி

ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒரு குவாட் பைக், அதாவது மண் தடத்தில் ஓட்டுகிற நான்கு பருத்த சக்கர மோட்டார் வண்டி, மூன்று பிள்ளைகளோடு கவிழ்ந்தது எல்லாருக்கும் தெரியும். அந்த வீடியோவை நான் இங்கே திரும்பப் போடப் போவதில்லை. அதில் சின்னப் பையனுக்கு முழங்கைக்குக் கீழே எலும்பு முறிவு, கட்டுப் போட்டிருக்கிறார்கள். நேற்று போய்ப் பார்த்தேன். போன் கேட்டு அடம்பிடிக்கிற அளவுக்குத் தெம்பாகத்தான் இருக்கிறான். அவன் அம்மா எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். அவருக்கு என் மேல் கோபம் இல்லை. கோபமெல்லாம் நம் வாட்ஸ்அப் குரூப்பில்தான் கொதிக்கிறது.

வீடியோ வந்த அரை மணி நேரத்தில் நம் அண்ணன் ஒருவர் பதிவு போட்டார். பெயர் வேண்டாம், படித்தவர்களுக்குத் தெரியும். குவாட் பைக் வைத்திருக்கிற கூட்டமே பணத்திமிர் பிடித்த கூட்டமாம். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே இருக்கிற நம் டோங்காட், வெருலம் பக்கம் இந்த வண்டியே இருக்கக் கூடாதாம். சரி, அவர் கருத்து அவருக்கு. ஆனால் அதற்கு மேலே ஒரு போட்டோ ஒட்டியிருந்தாரே, அது யாருடையது? என்னுடையது. போன மார்ச்சில் அண்டர்பெர்க் பக்கம் ஒரு பண்ணைத் தடத்தில் சேறு அப்பிய முகத்தோடு நான் சிரித்துக்கொண்டிருக்கிற படம். ஞாயிற்றுக்கிழமை நான் எங்கே இருந்தேன் தெரியுமா? வீட்டில் தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். விழுந்த வண்டி என்னுடையது இல்லை, ஓட்டிய பையன் எனக்கு உறவும் இல்லை. ஆனால் 140 பேர் இருக்கிற குரூப்பில் இந்த விபத்துக்கு முகம் நான்தான். நன்றி அண்ணா.

அந்தப் போட்டோவைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தலையில் ஹெல்மெட் இருக்கிறது. கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருக்கிறது. கையுறை, கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ் எல்லாம் இருக்கின்றன. இன்னொன்றையும் பாருங்கள், சீட்டில் எத்தனை பேர்? ஒருவர். இப்போது வீடியோவுக்குப் போங்கள். ஓட்டுகிற பையனுக்குப் பதினைந்து வயது இருக்கும். பின்னால் அவன் மச்சான். முன்னால் டேங்க் மேல் அந்தச் சின்னவன். மூன்று பேர், ஒரு ஹெல்மெட் கூட இல்லை, அதுவும் தார் ரோட்டில்.

அது ஒரு ஆள் வண்டி. இதைத்தான் நான் பல வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

"சீட் அவ்வளவு நீளமாக இருக்கிறதே, இரண்டு பேர் உட்காரத்தானே?" என்று கேட்காத ஆளே கிடையாது. இல்லை. நீளம் ஓட்டுகிறவன் நகர்வதற்கு. மேடு ஏறும்போது உடம்பை முன்னால் கொண்டு போக வேண்டும், ஹாண்டில் மேல் நெஞ்சு படுகிற மாதிரி. இறங்கும்போது பின்னால் தள்ளி உட்கார்ந்து, முதல் கியரில் விட்டு, என்ஜின் பிடிப்பிலேயே இறக்க வேண்டும். சரிவில் குறுக்கே போனால் மேட்டுப் பக்கமாகச் சாய வேண்டும். திருப்பத்தில் உள்பக்கம் சாய வேண்டும், ஏனென்றால் என் வண்டி மாதிரியானவற்றில் பின் அச்சு ஒரே தண்டு, இரண்டு பின் சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். காரில் மாதிரி உள்சக்கரம் மெதுவாகச் சுற்றாது. மண்ணில் என்றால் சக்கரம் கொஞ்சம் வழுக்கிக் கொடுத்துத் திரும்பிவிடும். தார் ரோட்டில் வழுக்காது, பிடித்துக்கொள்ளும், வண்டி நிமிர்ந்து கவிழும். ஞாயிற்றுக்கிழமை நடந்தது இதுதான். வேகம் கூட அதிகம் இல்லை, வீடியோவைப் பார்த்தாலே தெரியும்.

பின்னால் ஒருத்தன் உட்கார்ந்துவிட்டால் நீங்கள் நகர இடம் எங்கே? அவன் எடை பின்சக்கரத்தின் மேல் இறங்குகிறது, முன்சக்கரம் லேசாகிறது, ஹாண்டில் திருப்பினாலும் வண்டி கேட்காது. என் வண்டி கால் டன்னுக்கு மேல். அது உங்கள் மேல் உருண்டால் ஹெல்மெட் இருந்தும் பிரயோஜனம் இல்லை. மட்கார்டிலேயே ஸ்டிக்கர் ஒட்டித்தான் விற்கிறார்கள்: ஆள் ஏற்றாதே, 16 வயதுக்குக் கீழே ஓட்டாதே. அதைக் கிழித்துவிட்டுத்தான் நம் ஆட்கள் முதலில் சாமி படம் ஒட்டுகிறார்கள்.

இரண்டு பேர் போகிற குவாட்டும் இருக்கிறது, தெரியும், யாரும் கமென்ட்டில் படம் போட வேண்டாம். அது நீளமான சட்டம், பின்சீட்டுக்குத் தனிச் சாய்மானம், கைப்பிடி, கால்படி எல்லாம் வைத்துச் செய்த வேறு வண்டி. நம் ஊரில் ஓடுகிறவற்றில் பெரும்பாலானவை அது இல்லை.

இந்த வண்டியின் சரித்திரமே இந்தச் சண்டைதான். 1970-ல் ஹோண்டா இதை விட்டபோது மூன்று சக்கரம்தான், பலூன் மாதிரி டயர். பனிக்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்காமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்த அமெரிக்கக் கடைக்காரர்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று செய்தது. விழுந்து அடிபட்டவர்கள் பெருகி, 1988-ல் அரசோடு ஒப்பந்தம் போட்டு அங்கே மூன்று சக்கர விற்பனையையே நிறுத்தினார்கள். நான்கு சக்கரம் வந்த பிறகு எல்லாருக்கும் தைரியம் வந்துவிட்டது, ஏதோ கார் என்று நினைத்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபரிலிருந்து புதுப் பண்ணைக் குவாட்டில் கவிழ்ந்தால் ஆளைக் காப்பாற்றும் கம்பி இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம். கவனியுங்கள், ஆட்டைக் கூட குவாட்டில் மேய்க்கிற நாடு அது, அங்கேயும் தடை செய்யவில்லை. கம்பி போடு என்றார்கள். நம் அண்ணன் மட்டும் நேராகத் தடைக்குப் போய்விட்டார்.

அடுத்து "பணத்திமிர்". என் வண்டியை நான் கடையில் போய் வாங்கவில்லை. என் மாமனார் 2011-ல் செகண்ட் ஹாண்டாக வாங்கிய ஹோண்டா 420. அவருக்கு இருந்தது சின்னக் கரும்புத் தோட்டம். மேட்டுக் கரும்பைச் சுற்றி நடந்து பார்க்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை, அதனால் வாங்கினார். கரும்பு எரிக்கிற சீசனில் தீ பக்கத்துத் தோட்டத்துக்குத் தாவாமல் எல்லையைச் சுற்றிச் சுற்றி வருவார். 2020-ல் அவர் போன பிறகு தோட்டம் கை மாறியது, வண்டி என்னிடம் வந்தது. மாசத்துக்கு ஒரு நாள் பக்கிக்கு (பின்பக்கம் திறந்த சின்ன சரக்கு வண்டி) பின்னால் ட்ரெயிலரில் ஏற்றி, பணம் கட்டி உள்ளே விடுகிற தனியார் பண்ணைத் தடத்துக்குப் போகிறேன். இதுதான் என் ஆடம்பரம். சனிக்கிழமை காலையில் என் ஷெட்டுக்கு வந்து பாருங்கள். ஏர் பில்டர் ஸ்பாஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அமுக்கி அமுக்கிப் பிழிவேன். முதல் தண்ணீர் நம் செம்மண் நிறத்தில் வரும், அதிலேயே எரிந்த கரும்புத் தோகைக் கரி மிதக்கும். நிழலில் காய வைத்து, பில்டர் எண்ணெய் தடவி, கையில் ஒட்டாத அளவுக்குப் பிழிந்து மாட்ட வேண்டும். டயருக்குக் காற்றழுத்தம் நாலரை பிஎஸ்ஐ கூட வராது. பெட்ரோல் பங்க் கேஜில் அந்த முள் நகரவே நகராது, அதற்கென்று தனிக் கேஜ். வெள்ளிக்கிழமை ராத்திரி பிராய் என்று கரியில் கறி சுட்டுக் குடிக்கிறவர்களை யாரும் பணத்திமிர் என்று சொல்வதில்லை. நான் ஸ்பாஞ்ச் பிழிந்தால் திமிர்.

சுற்றுச்சூழல் என்று ஒருவர் கேட்டிருந்தார். அது நியாயமான கேள்வி. இந்த நாட்டில் 2001 கடைசியில் கடற்கரையில் வண்டி ஓட்டத் தடை கொண்டுவந்தார்கள், குவாட், ஜீப் எல்லாவற்றுக்கும் சேர்த்து. மீன் பிடிக்கப் பக்கியைக் கரை வரை இறக்கிப் பழகிய என் மாமனார் அந்தச் சட்டத்தைத் திட்டாத நாளில்லை. நான் அந்தச் சட்டத்தின் பக்கம். கறுப்புச் சிப்பிப்பிடிப்பான் என்று ஒரு பறவை, சிவப்பு மூக்கு. அலை எட்டாத மணலில் சும்மா ஒரு குழி பறித்து முட்டை வைக்கும். டயர் ஏறினால் முட்டை இருந்ததே தெரியாது. வடக்கே மபுட்டாலாந்து கரையில் ஆமைக்குஞ்சு கடலை நோக்கி ஊர்ந்து வந்து டயர் தடத்துக்குள் விழுந்தால், அதற்கு அது பள்ளத்தாக்கு. தடைக்குப் பிறகு அந்தப் பறவை பெருகியிருக்கிறது. இதையெல்லாம் ஒத்துக்கொள்கிறவன்தான் நான். போட்ட தடத்தை விட்டு இறங்க மாட்டேன், ஈர மண்ணில் சக்கரத்தைச் சுழற்றிப் படம் காட்ட மாட்டேன், ஓடை என்றால் முதலில் இறங்கிக் குச்சியால் ஆழம் பார்ப்பேன். சத்தம் பற்றி: ஞாயிறு மத்தியானம் உங்கள் வீட்டு ஸ்பீக்கரைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது.

"ஊரிலிருந்து வந்தவர்களுக்குத்தான் இந்த ஷோ" என்று ஒரு தம்பி எழுதி, அதற்குப் பதினொரு லைக். உங்கள் முப்பாட்டன் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தார், நான் 2006-ல் விமானத்தில் வந்தேன். இரண்டு பேரும் கரும்பை நம்பித்தான் வந்தோம், நான் சர்க்கரை ஆலையில் பிட்டராக. கல்யாணம் பண்ணியதும் இங்கே, பிள்ளை பெற்றதும் இங்கே. தேவாரம் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும் என்றால் மட்டும் நான் "நம்ம ஊர்த் தமிழ் அண்ணன்", இல்லையா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2022 ஏப்ரல் 11, 12. அந்த மழையை இங்கே யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. இந்த மாகாணத்தில் நானூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். டோங்காட்டில் தண்ணீர் சுத்திகரிக்கிற நிலையத்தை வெள்ளம் அடித்துப் போனதில் மாதக்கணக்கில் குழாயில் சொட்டு வரவில்லை. டேங்கர் எங்கள் மேட்டுத் தெருவுக்கு ஏறாது, கீழேயே நிற்கும். பாதி ரோடு சரிந்து கிடந்தது. எந்த வண்டி ஏறியது? இந்தத் திமிர் பிடித்த வண்டிதான். முன் கேரியரில் ஒரு கேன், பின் கேரியரில் இரண்டு, அறுபது லிட்டர், அதற்கு மேல் ஏற்ற மாட்டேன். வரிசையில் நின்றவர்கள் "இன்னொன்று வையேன்" என்று கெஞ்சினாலும் ஏற்ற மாட்டேன், சரிவில் பின்பாரம் ஏறினால் முன்சக்கரம் எழும்பும். ஒரு நாளைக்கு இருபது நடை. ரோட்டில்தான் ஓட்டினேன், ஆமாம், பதிவு எண் இல்லாத வண்டியைத்தான். அன்றைக்கு யாரும் சட்டம் கேட்கவில்லை. மேட்டின் உச்சியில் கடைசி வீடு யாருடையது என்று அண்ணனுக்கே தெரியும். அவருடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு "நீ நல்லா இருக்கணும் கண்ணு" என்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். ஒரு ஆள் வண்டி என்று ஆரம்பித்தேன்.

"நீ மட்டும் யாரையும் ஏற்றியதே இல்லையா?" என்று உள்பெட்டியில் ஒருவர் கேட்டார். ஏற்றியிருக்கிறேன். 2017, மாமனார் உயிரோடு இருந்த காலம். என் மகளுக்கு ஒன்பது வயது. "ஒரே ஒரு ரவுண்டுப்பா" என்றாள். தோட்டத்துக்குள்தானே என்று பின்னால் உட்கார வைத்தேன். வெட்டி முடித்த கரும்புக்கு நடுவே ஏறுகிற சின்ன மேடு, ஆயிரம் முறை ஏறிய மேடு. பாதியில் முன்சக்கரம் இரண்டும் மெதுவாக எழுந்தது, யாரோ தூக்குகிற மாதிரி. நான் முன்னால் சாய்ந்தேன். அவள் பயந்து என் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். குழந்தை வேறு என்ன செய்யும்? இரண்டு பேரும் பின்பக்கமாக விழுந்தோம். வண்டி எங்கள் மேல் வராமல் பக்கவாட்டில் உருண்டு கரும்புக் கட்டையில் முட்டி நின்றது. ஒரு கை அகலம் இந்தப் பக்கம் உருண்டிருந்தால் இந்தப் பதிவை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். அவளைப் பற்றி நினைக்கவே முடியவில்லை. மணிக்கட்டு வீங்கிவிட்டது. படியில் விழுந்தாள் என்று வீட்டில் சொன்னேன். அவளும் அப்படியே சொன்னாள், நான் சொல்லிக் கொடுக்காமலே. மாமனார் மட்டும் வண்டியின் வளைந்த ஹாண்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் சாவியைத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். ஆறு மாதம் கொடுக்கவில்லை.

என் மனைவிக்கு இது இன்றைக்குத்தான் தெரியும், இதைப் போடுவதற்கு முன் சொல்லிவிட்டேன். அதைக் கேட்டு வீட்டில் நடந்ததை இங்கே எழுதவில்லை. மகள் இப்போது லேர்னர்ஸ் டெஸ்டுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். "நீயாப்பா அந்தப் பையனைத் திட்டுற?" என்று கேட்டாள். திட்டவில்லை, அவனுக்குச் சாவி கொடுத்த பெரியவரைத்தான் திட்டுகிறேன் என்றேன். "அதையும்தான் கேட்டேன்" என்றாள்.

இதைப் பிடித்துக்கொண்டு "பார்த்தாயா, அவனே ஒத்துக்கொண்டான்" என்று நாளைக்கு ஸ்கிரீன்ஷாட் வரும். வரட்டும். நான் ஒத்துக்கொண்டது ஆளை ஏற்றியதை. வண்டி வைத்திருப்பதை இல்லை.

அண்ணா, பதிவை வைத்துக்கொள்ளுங்கள், என் போட்டோவை எடுத்துவிடுங்கள். அப்புறம், 2022-ல் கடைசி நடையில் உங்கள் வீட்டு நீலக் கேன் ஒன்று என் ஷெட்டிலேயே தங்கிவிட்டது. மூடியில் உங்கள் வீட்டு நம்பர் பெயின்டில் இருக்கிறது. சனிக்கிழமை காலை இருப்பேன், வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.