மீட்டர் 210 காட்டியதாம்

மூன்று நாளாக அந்த வீடியோவை ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். போதும், பார்த்துவிட்டேன். பாலாற்றில் வெள்ளம், தம்பி முழங்கால் தண்ணீரில் நிற்கிறார், பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டரை முக்குகிறார், 210 காட்டுகிறது. “கேன் தண்ணியை விட சுத்தம்! பாலாறு கெட்டுப்போச்சுன்னு கதை விட்டவங்க எங்கே?”

இங்கேதான் இருக்கிறேன் தம்பி.

தண்ணீரில் கரண்ட் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து, உப்பு இவ்வளவு இருக்கலாம் என்று சொல்வதுதான் அந்த மீட்டரின் வேலை. குரோமியம், ஈயம், காட்மியம் எதையும் அது பிரித்துக் காட்டாது. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதைப் போல் பத்து மடங்கு இருந்தாலும் அரை மில்லிகிராம்தான். மீட்டரின் 210-உம் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்குதான்; அது 211 ஆனாலே அதிசயம்.

அதுவும் வெள்ளத்தில் போய் அளக்கிறார்! உலோகம் பெரும்பாலும் அடி வண்டலில் போய் உட்கார்ந்திருக்கும். மே மாதம் வந்து அந்தச் சேற்றை அள்ளிக் கொடுக்கட்டும், சோதனைக் கட்டணம் என் செலவு.

எங்கள் கிணற்றுத் தண்ணீரை முதல் தடவை நானும் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில்தான் பிடித்துக்கொண்டு போனேன். ஆய்வகத்தில் இருந்த அக்கா வாங்கவே இல்லை. “உலோகம் பார்க்கணும்னா ஆசிட்ல கழுவின பாட்டில் வேணும்மா. பிடிச்சதும் நைட்ரிக் ஆசிட் விடணும். இல்லேன்னா பாட்டில்லயே ஒட்டிக்கும், மெஷின் கம்மியா காட்டும்.” வெட்கமாகப் போய்விட்டது. திரும்பப் போய்ப் பிடித்து வந்தேன். தம்பிக்கு அந்தத் தொல்லையெல்லாம் இல்லை, லைக் வந்துவிட்டது.

“டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், போடுவது மூன்று இணைதிறன் குரோமியம், அவ்வளவு விஷமில்லை” என்று ஒரு படித்தவர் வருவார். உண்மைதான். ஆனால் ராணிப்பேட்டையில் குரோமேட் ஆலை கொட்டிவிட்டுப் போன லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு? அது ஆறு இணைதிறன், கொடிய விஷம் அந்த வகைதான். அந்தப் பக்கம் தேங்கிய தண்ணீர் மஞ்சளாக இருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதிலும் மீட்டரை முக்குங்கள்.

“அப்போ டேனரியை எல்லாம் மூடணுமா?” நான் எங்கே மூடச் சொன்னேன்? மாசு செய்தவர்தான் பணம் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் சொன்னது. 2025 ஜனவரியில் திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது. நீதிபதிகளிடம் போய்க் கேளுங்கள்.

“சென்னையில் ஆர்ஓ குடிக்கிறவளுக்கு எங்க ஊரைப் பத்தி என்ன தெரியும்?” இதுதான் சுருக்கென்று தைத்தது. எங்க ஊராம்! என் அப்பா 27 வருஷம் டேனரியில் டிரம் ஓட்டியவர். குரோமியத்தில் ஊறி நீலமான தோலைத் தோளில் போட்டுத் தூக்கி, சட்டையெல்லாம் கறையாக வருவார். அந்தச் சம்பளத்தில் படித்துத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் கிணற்றுக்கு ரிப்போர்ட் வந்த அன்று அவரே மோட்டாரைக் கழற்றி வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

நேற்று ராத்திரி அதே வீடியோ அப்பாவிடமிருந்தும் வந்தது. கீழே ஒரு வரி: “தண்ணி நல்லாயிடுச்சாம். மோட்டாரைத் திரும்பப் போட்டுடலாமா கண்ணு?”

இன்னும் பதில் போடவில்லை.