20 எலிகளா, 4 கூண்டுகளா?

நேற்று ஆய்வக மாணவி ஒருத்தி தன் முதல் சோதனையின் முடிவுகளை எடுத்துக்கொண்டு வந்தாள். 20 சுண்டெலிகள், 4 கூண்டுகள். இரண்டு கூண்டுகளுக்குத் தண்ணீரில் மருந்து, மற்ற இரண்டுக்கு வெறும் தண்ணீர். எடையில் நல்ல வித்தியாசம். “ஒரு பக்கத்துக்குப் பத்து எலி இருக்கேக்கா, போதாதா?” என்றாள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்கு மனசே வரவில்லை, ஆனாலும் சொன்னேன்: உன்னிடம் இருப்பது ஒரு பக்கத்துக்கு இரண்டே கூண்டு.

சுண்டெலி புழுக்கை தின்னும். தன்னுடையதையும் தின்னும், கூட இருப்பவற்றின் புழுக்கையையும் தின்னும். அதனால் ஒரே கூண்டில் வளரும் எலிகளின் குடல் நுண்ணுயிர்கள் சில வாரங்களிலேயே ஒன்றுபோல ஆகிவிடும். அடுத்த கூண்டில் வேறொரு கூட்டம் குடியேறியிருக்கும். எடை குறைந்தது மருந்தாலா, அந்தக் கூண்டின் பாக்டீரியாவாலா? அவள் தரவை வைத்துப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

இதெல்லாம் சின்ன விஷயம் என்பவர்கள் சிகாகோ பல்கலைக்கழகக் குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வைப் படிக்க வேண்டும். ஒரே ரக எலிகள், சி57பிஎல்/6. சிலவற்றை ஜாக்சன் ஆய்வகத்திலிருந்தும் சிலவற்றை டாக்கோனிக் நிறுவனத்திலிருந்தும் வாங்கி, ஒரே மெலனோமா (தோல் புற்றுநோய்) செல்களைச் செலுத்தினார்கள். டாக்கோனிக் எலிகளில் கட்டி வேகமாக வளர்ந்தது. இரண்டு இடத்து எலிகளையும் ஒரே கூண்டில் வைத்து வளர்த்ததும் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது! ஜாக்சன் எலிகளைக் காத்த குடல் பாக்டீரியாக்களில் பிஃபிடோபாக்டீரியத்துக்கு முக்கியப் பங்கு இருந்தது. அதற்கு முன்பே, 2009-இல், நியூயார்க்கில் டான் லிட்மன் குழு இதே இரண்டு இடத்து எலிகளின் சிறுகுடலை ஒப்பிட்டிருந்தது. டிஎச்17 என்ற நோயெதிர்ப்புச் செல்கள் ஒன்றில் ஏராளம், மற்றதில் சொற்பம். காரணம், இழைபோல் வளரும் ஒரே ஒரு வகை பாக்டீரியா.

மரபணு நீக்கிய எலிகளிலும் இதே சிக்கல்தான். கிருமிகளை உடல் அடையாளம் காண உதவும் டிஎல்ஆர் மரபணுக்கள் இல்லாததால்தான் குடல் நுண்ணுயிர்கள் மாறுகின்றன என்ற பேச்சு இருந்தது. 2012-இல் ஒரே ஈற்றுக் குட்டிகளை ஒப்பிட்டபோது மரபணு இருந்தவையும் இல்லாதவையும் ஒத்தே இருந்தன. தனித்தனியாகத் தலைமுறை தலைமுறையாக வளர்த்ததில், தாயிடமிருந்து குட்டிக்கு வந்த வித்தியாசம் அது.

இத்தனைக்குப் பிறகும் எலி எங்கே வாங்கியது, எத்தனை கூண்டு என்ற இரண்டு வரிகூட இல்லாத கட்டுரைகளைப் படிக்கிறேன். கோபமாக வருகிறது. அந்த எலிகள் உயிரைக் கொடுத்திருக்கின்றன. நான் பார்த்த அனுமதிப் படிவங்களில் எலிகளின் எண்ணிக்கையைக் கேட்கிறார்கள், கூண்டுகளின் எண்ணிக்கையைக் கேட்பதில்லை. கேட்டே ஆக வேண்டும்.

கூண்டு கூடினால் செலவும் வேலையும் கூடும், உண்மைதான். எலிகளை அதிகமாக்க வேண்டியதில்லை. அவளுக்குத் தாளில் வரைந்து கொடுத்தேன்: அதே 20 எலி, கூண்டுக்கு இரண்டாக 10 கூண்டு. ஒவ்வொரு ஈற்றுக் குட்டிகளையும் இரண்டு பக்கமும் பிரித்துப் போடு. மருந்து தொடங்குவதற்கு முன் சில வாரம் எல்லாக் கூண்டுகளின் பழைய விரிப்பையும் கலந்து கலந்து போடு, நுண்ணுயிர்கள் எங்கும் ஒன்றுபோல ஆகட்டும். கணக்குப் போடும்போது எண்ணிக்கை 10 கூண்டுதான், 20 எலி இல்லை.

தாளை மடித்து வைத்துக்கொண்டு, “அப்போ முதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமாக்கா?” என்றாள். ஆமாம் என்றேன். திங்கட்கிழமை கூண்டு கழுவ நானும் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.