ஸ்டோர் கூரையில் இருப்பது 'குண்டுச் சங்கு' அல்ல

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலை ஸ்டோர் (தொழிற்சாலை) ஒன்றின் கூரைச் சங்கைப் படம்பிடித்து, "1942இல் ஜப்பான்காரன் குண்டு போட வந்தபோது வெள்ளைக்காரன் வைத்தது, ஏறி இறங்கி ஊதுவதே சாட்சி" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். இது தவறு.

அந்த ஏப்ரலில் குண்டு விழுந்தது உண்மைதான்: 5ஆம் திகதி கொழும்பில், 9ஆம் திகதி திருகோணமலையில். மலையகத்தில் அல்ல. ஏறி இறங்கும் ஓசையும் சாட்சியாகாது. மோட்டார் சுழலும் வேகத்தோடு சுருதி ஏறும். கரண்டை விட்டுவிட்டுக் கொடுத்தால் எந்தச் சங்கும் அப்படித்தான் அழும். விடாமல் கொடுத்தால் ஒரே சுருதி. போர்க்காலப் பிரித்தானியாவில் அதுதான் 'ஆபத்து நீங்கியது' என்ற அறிவிப்பு.

பழைய சங்கு தேடித் திரியும் எங்களுக்கு முதல் சாட்சி மோட்டாரில் அறைந்த தகடு. (கூரையில் ஏறாதீர்கள், கமராவின் சூம் போதும்.) பரவும் படத்தையே பெருப்பித்துப் பாருங்கள்: துருவுக்கிடையில் 50, பக்கத்தில் மின்சார அதிர்வெண்ணின் அலகான 'ஹெர்ட்ஸ்' குறி. போர்க்காலப் பிரித்தானியத் தகடென்றால் அதே அலகின் பழைய பெயரான 'சைக்கிள்' (வினாடிக்கு இத்தனை சுற்று) என்றிருக்கும். ஹெர்ட்ஸ் சர்வதேச அலகு முறையில் சேர்ந்தது 1960இல்.

வேலைக்கு ஆள் கூப்பிட ஊதிய சங்கு அது.