பெரிய கார் எல்லாம் இம்பாலா இல்லை

நேற்று ராத்திரி அந்தப் பழைய பாட்டு வீடியோவுக்குக் கீழே நடந்த கூத்தைப் பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள். மறுபடி முதலில் இருந்து சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. பாட்டில் வருகிற பெரிய அமெரிக்கக் காரைப் பார்த்து "என்ன ஒரு இம்பாலா!" என்று தலைப்பு. "அது இம்பாலா இல்லைங்க, பிளைமவுத்" என்று ஒரே ஒரு வரி எழுதினேன். காலையில் எழுந்து பார்த்தால் வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

சரி, கோபப்படாமலே சொல்கிறேன். அந்தப் பாட்டு வருகிற படம் வந்தது 1956-ல். செவர்லேக்காரன் இம்பாலா என்ற பெயரில் கார் விற்க ஆரம்பித்ததே 1958 மாடலில் இருந்துதான். பிறக்காத பிள்ளை கல்யாணத்தில் பந்தி பரிமாறுமா? இதைக் கேட்டால் எனக்குத் தலைக்கனமாம்.

நீளமாக இருந்தால் இம்பாலா. வால் தூக்கியிருந்தால் இம்பாலா. கோட்டு போட்ட வில்லன் சுருட்டோடு இறங்கினால் கேட்கவே வேண்டாம், இம்பாலா. ஐயா, 1959 இம்பாலாவின் பின்பக்கம் பருந்து இறக்கை விரித்த மாதிரி இருக்கும், லைட்டு பூனைக்கண் மாதிரி. 1960-ல் பக்கத்துக்கு மூன்று வட்ட லைட்டு. அதே உடம்பில் இரண்டே லைட்டு என்றால் அது பெல் ஏர் அல்லது பிஸ்கேன், விலை குறைந்த தம்பிகள். இதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், மூன்று வரை எண்ணத் தெரிந்தால் போதும். பெரிய கார் எல்லாம் இம்பாலா இல்லை.

"கதையைப் பார்க்காமல் காரைப் பார்க்கிறார்" என்றார் ஒருவர். நீங்கள் மட்டும் கதையையா பார்த்தீர்கள்? அந்தக் காலப் படங்களில் கார் ஸ்டுடியோவுக்குள் நின்றுகொண்டிருக்கும், பின்னால் திரையில் ரோடு ஓடும். ரோடு நேராகப் போக, கதாநாயகன் ஸ்டியரிங்கை மாவாட்டுகிற மாதிரி ஆட்டிக்கொண்டிருப்பார். அதை நம்புவீர்கள், நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

"பணக்காரன் காருக்கு இவ்வளவு உருக்கமா?" என்பது இன்னொருவர் கேள்வி. இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த பிளைமவுத்தைப் பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனியில் பாகம் பாகமாகப் பூட்டியது நம் ஆட்கள். ஓட்டியதும் நம் ஆட்கள்தான். பணக்காரன் பின்சீட்டில் தூங்கிக்கொண்டுதான் போனான்.

ஓட்டியவர்களில் என் அப்பாவும் ஒருவர். இங்கே பலருக்குத் தெரியாது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மணிலா எண்ணெய் மில் முதலாளியிடம் டிரைவர். முதலாளி செகண்ட் ஹேண்டில் வாங்கிய 1952 பிளைமவுத், ஆறு சிலிண்டர், ஸ்டியரிங்கிலேயே கியர். பானெட் நுனியில் ஒரு பாய்மரக் கப்பல் பொம்மை இருக்கும், அதுதான் பிளைமவுத்தின் அடையாளம். ஞாயிற்றுக்கிழமை அப்பா வண்டி கழுவும்போது கப்பல் மட்டும் என் பொறுப்பு. பழைய பனியன் துணியை விரலில் சுற்றிப் பாயின் மடிப்புக்குள் விட்டுத் துடைக்க வேண்டும். அழுக்கு அங்கேதான் போய் உட்காரும். "தம்பி, மூக்குப் பக்கம் விட்டுட்ட பாரு" என்பார்.

முதலாளிக்குப் புதுச்சேரியில் வேலை என்றால் அப்பா எப்போதாவது என்னையும் முன்சீட்டில் ஏற்றிக்கொள்வார். முதலாளி திரும்பும்வரை ரத்னா தியேட்டரில் மேட்னி. அப்பாவுக்குக் கதை ஏறாது. கார் வந்தால் மட்டும் முழங்கையால் இடிப்பார்: "டாட்ஜ்", "ஸ்டூடிபேக்கர்", "மோரிஸ்". வெளியே வந்து யார் நடித்தது என்று கேட்டால் முழிப்பார். அப்பா படித்தது மூன்றாவது வரைக்கும். அவர் இடித்துச் சொன்னதைத்தான் நேற்று நான் எழுதினேன், அதற்குத்தான் அத்தனை சிரிப்பு.

அப்புறம் அந்தப் பெண்மணி. "பழசை ரசிப்பதற்குத் தேர்வா எழுத வேண்டும்?" வேண்டாம் அம்மா, தாராளமாக ரசியுங்கள். புதுச்சேரி ஒயிட் டவுன் மஞ்சள் சுவர் முன்னால் ஒரு பிரீமியர் பத்மினி காரை நிறுத்தி, 'விண்டேஜ் கார்' என்று கல்யாண ஜோடிகள் படம் எடுத்துக்கொள்ளட்டும். அது தொண்ணூறுகளின் கடைசி வரை தயாரான வண்டி. நான் வாயைத் திறக்கவில்லையே! ஐம்பது வருடம் தாண்டினால்தான் விண்டேஜ் என்று அரசாங்கம் 2021-ல் விதி போட்டு, 'வி.ஏ.' என்று தனி நம்பரே கொடுக்கிறது. இதையும் எங்கும் போய் எழுதவில்லை. எழுதினால் என்ன நடக்கும் என்று இப்போது தெரிந்துவிட்டது.

ஆனால் "மொபெட்டில் போகிற அங்கிளுக்கு பிளைமவுத் கனவு" என்று ஒரு தம்பி எழுதினாரே, அதற்கு நூற்றுப் பன்னிரண்டு லைக். இதே ஊர்ப் பையன். ஆமாம் தம்பி, மொபெட்தான். என் அப்பாவுக்கு சைக்கிள்தான். 1973-க்குப் பிறகு பெட்ரோல் விலை ஏற, முதலாளி பிளைமவுத்தைத் தள்ளிவிட்டு அம்பாசடர் வாங்கினார். வண்டியை மெட்ராசில் ஒப்படைத்துவிட்டு அப்பா பஸ்ஸில் திரும்பினார். கப்பலையாவது கழற்றிக்கொண்டு வந்திருக்கலாமே என்று அழுதேன். "அது வண்டியோடதுடா" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

என் கமென்ட்டை அழிக்கச் சொல்லி இரண்டு நண்பர்கள் இன்பாக்ஸில் வந்தார்கள். மாட்டேன். வீடியோவை இரண்டு நிமிடம் பதினாலாவது விநாடியில் நிறுத்துங்கள். கதாநாயகி பானெட்டில் கை வைத்திருப்பார். சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் பாருங்கள், கப்பல் தெரியும்.