மட்டை பட்டால் குற்றம், தோள் பட்டால் விபத்தா?

ஐஸ் ஹாக்கியில் ஒருவருடைய மட்டை எதிராளியின் முகத்தில் பட்டுவிட்டால் 2 நிமிடம் பெனால்டி பாக்ஸில் உட்கார வேண்டும். காயம் பட்டு ரத்தம் வந்தால் 4 நிமிடம். ஷாட் அடித்த வேகத்தில் மட்டை மேலே போனது போன்ற ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, தெரியாமல் பட்டது, நிலை தடுமாறிவிட்டது என்ற எந்தச் சமாதானமும் எடுபடாது. மட்டை உன் கையில் இருந்தது, அதற்கு நீதான் பொறுப்பு. தன் பகுதியிலிருந்து பக்கை, அதாவது பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டை, மைதானத்தைச் சுற்றியுள்ள கண்ணாடிக்கு மேலே நேராக வெளியே அடித்துவிட்டாலும் 2 நிமிடம். 2005-06 சீசனிலிருந்து இந்த விதி இருக்கிறது. அங்கேயும் யாரும் மனசைக் கேட்பதில்லை.

ஆனால் நூறு கிலோவை நெருங்கும் ஒரு வீரர், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, தோளால் இன்னொருவர் தாடையில் மோதினால் மட்டும் விசாரணை தொடங்குகிறது. வேண்டுமென்றே அடித்தாரா? தவிர்த்திருக்க முடியுமா? அடிபட்டவர் ஏன் குனிந்திருந்தார்? வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லின் விதிகளில் எனக்குப் பொறுக்க முடியாத முரண்பாடு இதுதான். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். இடுப்புக்கு மேலே ஃபுல் டாஸாகப் பந்து வந்தால் நோ-பால். வேர்த்த கையில் நழுவிவிட்டது என்று பவுலர் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்கலாம், பேட்ஸ்மேனும் பரவாயில்லை என்று தலையாட்டலாம். அம்பயர் அதற்காக நோ-பாலை வாபஸ் வாங்க மாட்டார்.

தலையில் அடிப்பதற்கான தனி விதி என்ஹெச்எல்லில் 48-ஆம் எண். அது வந்த கதை தெரிந்தால்தான் இன்றைய குழப்பம் புரியும். 2010 மார்ச் 7, பிட்ஸ்பர்க். பாஸ்டன் அணியின் மார்க் சாவர்ட் ஷாட் அடித்து முடித்த நொடியில், பார்வையில் படாத பக்கத்திலிருந்து வந்த பிட்ஸ்பர்க் வீரர் மேட் குக் தோளால் தலையில் மோதினார். நடுவர் பெனால்டி தரவில்லை. லீக்கும் சஸ்பென்ஷன் தரவில்லை. முழங்கை தூக்கப்படாமல் தோளால் அடித்தால் அன்றைய விதிப்படி குற்றமே இல்லை. சாவர்ட் திரும்பி வந்து விளையாடினார், ஆனால் 2011 ஜனவரி 22-ஆம் தேதி ஆட்டத்தில் மறுபடி அடிபட்டு, 33 வயதில் அவர் ஆட்டம் முடிந்தது. அதற்கு முன்னால் 2000-இல் எரிக் லிண்ட்ரோஸ், 2003-இல் பால் கரியா என்று ஸ்காட் ஸ்டீவன்ஸ் என்ற வீரரின் தோளில் அடிபட்டுச் சாய்ந்தவர்கள் பலர். அந்த இரண்டு அடிக்கும் விசில் இல்லை. கரியா நினைவிழந்து கிடந்துவிட்டு அதே ஆட்டத்தில் திரும்பி வந்து கோல் அடித்ததை அன்று வீரம் என்று கொண்டாடினார்கள். 2011-இல் தலைக்காயங்களால்தான் அவரும் ஓய்வு பெற்றார்.

முதலில் எழுதிய விதி பக்கவாட்டிலிருந்தும் பார்க்காத பக்கத்திலிருந்தும் வரும் அடியை மட்டும் தடுத்தது. அடுத்த வருடம் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். 2013-இல் இப்போதைய வடிவம் வந்தது: தலைதான் முக்கியமாக அடிபட்ட இடமாக இருக்க வேண்டும், அந்த அடி தவிர்க்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் குற்றம். தவிர்க்கக்கூடியதா என்று பார்க்க மூன்று கேள்விகள். அடித்தவர் உடம்பின் நடுவைக் குறிவைத்து வந்தாரா, இல்லை தப்பான கோணம், தப்பான நேரம், தேவையில்லாமல் மேலே எழும்பியது ஆகியவற்றால் தலையைத் தட்டினாரா? அடிபட்டவர் தன்னைத்தானே ஆபத்தான நிலையில் வைத்திருந்தாரா? கடைசி நொடியில் தலையையோ உடம்பையோ நகர்த்தினாரா?

இதில் முதல் கேள்வி நல்ல கேள்வி. அதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். நடுப்பகுதியில் ஒரு ஃபார்வர்ட் (முன்வரிசைத் தாக்குதல் வீரர்) பின்னால் திரும்பிப் பார்த்தபடி பாஸை வாங்குகிறார். எதிரே டிஃபென்ஸ்மேன் (தடுப்பாட்டக்காரர்) தன் பகுதியின் எல்லையான நீலக் கோட்டைத் தாண்டி முன்னேறி வருகிறார். சரியான செக் (விதிக்குட்பட்ட உடல் மோதல்) என்றால் அவர் தோள் எதிராளியின் நெஞ்சுக்கு நேராகப் போக வேண்டும். முழங்கால் மடங்கி, முழங்கை விலாவோடு ஒட்டி, ஸ்கேட் ஐஸில் இருக்க வேண்டும். எங்கே பிசகுகிறது என்றால், அடிக்கிறவர் அரையடி முன்னால் குறுக்கே வந்துவிடுகிறார். அப்போது நெஞ்சு தோளுக்குச் சிக்குவதில்லை. முன்னால் நீட்டியிருக்கும் தலை மட்டும் வழியில் இருக்கிறது. மெதுவாக ஓடும் வீடியோவில் இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. முதலில் எது அசைகிறது என்று பாருங்கள். நெஞ்சு நின்றுபோய் உடம்பே பின்னால் தள்ளப்பட்டு, அதோடு தலை ஆடினால் அது உடம்பில் பட்ட அடி. உடம்பு போன திசையிலேயே போய்க்கொண்டிருக்க, தலை மட்டும் வெடுக்கென்று பக்கவாட்டில் திரும்பினால் அது தலையில் பட்ட அடி.

அந்த வெடுக்கென்ற திருப்பம்தான் மூளையைக் குலைக்கிறது. ஹெல்மெட் மண்டையோடு உடையாமல் காக்கும். உள்ளே மூளை சுழல்வதை அதனால் பெரிதாகத் தடுக்க முடியாது. தாடையின் பக்கவாட்டில் படும் அடி நெம்புகோல் மாதிரி தலையைத் திருப்பிவிடுகிறது. ஹெல்மெட்டை மேம்படுத்தினால் போதும் என்று சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சரி, குற்றம் என்று முடிவாகிவிட்டது, தண்டனை என்ன? இங்கேதான் விதி ஓட்டையாக இருக்கிறது. 48-ஆம் விதியில் நடுவர் கையில் இரண்டே தேர்வு. ஒன்று மைனர் என்ற 2 நிமிடச் சிறு பெனால்டி. இன்னொன்று மேட்ச் பெனால்டி: 5 நிமிடம், வீரர் ஆட்டத்திலிருந்து வெளியேற்றம். மேட்ச் பெனால்டி தர வேண்டுமானால் காயப்படுத்தவே அடித்தார், அல்லது அடிக்க முயன்றார் என்று நடுவர் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் நடுவே, மேஜர் என்ற 5 நிமிடப் பெரிய பெனால்டிக்கு இடமே இல்லை. முதல் சீசனில் இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். பொறுப்பில்லாத ஆனால் கெட்ட எண்ணம் என்று சத்தியம் செய்ய முடியாத அடிதான் நூற்றில் பெரும்பங்கு. அதற்குப் பொருந்தும் தண்டனை அந்த விதியில் கிடையாது. அதனால் நடுவர்கள் பக்கத்து விதிகளைக் கடன் வாங்குகிறார்கள்: சார்ஜிங் (பாய்ந்து வந்து மோதுவது), முழங்கை, இன்டர்ஃபியரன்ஸ் (பக் இல்லாதவரைத் தடுப்பது) என்று பெயர் வைத்து மேஜர் தருகிறார்கள். 2019-20 முதல் சண்டை தவிர்த்த மேஜர்களை நடுவரே வீடியோவில் பார்த்து உறுதிசெய்யலாம், குறைக்கலாம். மைனராகத் தந்த அடிக்கு அந்த வீடியோ வாய்ப்பும் இல்லை.

2 நிமிடத்தின் மதிப்பு என்ன? பவர் பிளேயில், அதாவது எதிரணி ஒரு ஆள் குறைவாக ஆடும் நேரத்தில், கோல் விழுவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு முறை. கோல் விழுந்ததும் மைனர் முடிந்துவிடும். மேஜர் அப்படியில்லை, எத்தனை கோல் விழுந்தாலும் 5 நிமிடமும் ஒரு ஆள் குறைவுதான். எதிரணியின் முக்கிய வீரர் மாதக்கணக்கில் வெளியே போவதற்கு ஐந்தில் ஒரு பங்கு கோல் விலை என்றால், அது எந்தப் பயிற்சியாளரையும் பயமுறுத்தாது.

அப்புறம் சஸ்பென்ஷன் இருக்கிறதே என்பார்கள். சஸ்பென்ஷன் யாருக்கு லாபம் என்று பாருங்கள். 2012 ஏப்ரல் 17, சிகாகோ, பிளேஆஃப் தொடரின் மூன்றாவது ஆட்டம். ஃபீனிக்ஸின் ராஃபி டோரஸ், பக் கையில் இல்லாத மரியன் ஹோசா மீது தாவி மோதினார். ஹோசாவை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். ஐஸில் இருந்த நான்கு நடுவர்களில் ஒருவரும் பெனால்டி சொல்லவில்லை. ஃபீனிக்ஸ் அந்த ஆட்டத்தைக் கூடுதல் நேரத்தில் வென்றது, தொடரையும் ஆறு ஆட்டங்களில் வென்றது. டோரஸுக்கு 25 ஆட்டத் தடை, மேல்முறையீட்டில் 21. கடுமையான தண்டனைதான், மறுக்கவில்லை. ஆனால் ஹோசாவை இழந்த சிகாகோவுக்கு ஒரு நிமிடம்கூட பவர் பிளே கிடைக்கவில்லை. டோரஸ் இல்லாத ஃபீனிக்ஸை எதிர்கொண்ட அடுத்த அணிக்கும் அந்தத் தடையால் நன்மை. அந்த அணிக்கும் இந்த அடிக்கும் என்ன சம்பந்தம்?

தாமதமும் உண்டு. 2018-இல் டாம் வில்சனுக்கு ஆஸ்கர் சுண்ட்க்விஸ்ட் மீதான அடிக்காக 20 ஆட்டத் தடை. கமிஷனர் அதை உறுதிசெய்தார். நடுநிலைத் தீர்ப்பாளர் 14 ஆகக் குறைத்தார். அந்தத் தீர்ப்பு வருவதற்குள் வில்சன் 16 ஆட்டம் உட்கார்ந்து முடித்திருந்தார். அடித்தவருக்கும் இது நியாயமில்லை.

எதிர்வாதங்களில் ஒன்றை நான் மதிக்கிறேன்: உயரம். ஸ்டெனோ சாரா 206 செ.மீ., மார்ட்டின் செயின்ட் லூயிஸ் 173 செ.மீ. சாரா சாதாரணமாக நின்றாலே தோள் மற்றவர் முகத்துக்கு வரும். ஆனால் மட்டை விதியும் நெட்டையருக்குச் சலுகை தருவதில்லை. நெட்டையர் முழங்காலை அதிகம் மடக்கி வர வேண்டும், இல்லையென்றால் அடிக்காமல் பக்கை மட்டும் பறிக்க வேண்டும். அது கற்றுக்கொள்ளக்கூடிய வேலை.

எதிராளிக்குப் பெனால்டி வாங்கித் தருவதற்காக வீரர்கள் வேண்டுமென்றே தலையைக் குனிவார்கள் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 2 நிமிட பவர் பிளேக்காகத் தன் மூளையைப் பணயம் வைக்கிறவர் எத்தனை பேர்? கனடாவில் சிறுவர் ஹாக்கிக்கு 2011-இலேயே, தற்செயலாகத் தலையில் பட்டாலும் பெனால்டி என்று ஹாக்கி கனடா விதி கொண்டுவந்தது. 12 வயதுப் பையனிடம் எதிர்பார்க்கும் கட்டுப்பாட்டைக் கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் தொழில்முறை வீரரிடம் கேட்கக் கூடாதா?

நான் கேட்பது இவ்வளவுதான். தோள், கை, முழங்கை எதுவாக இருந்தாலும், முதலில் தலையில் பட்டால் 2 நிமிடம். தவிர்த்திருக்க முடியுமா என்ற கேள்வியே வேண்டாம். தப்பான கோணம், எழும்பியது, நேரம் தவறியது ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தால் 5 நிமிடமும் வெளியேற்றமும், கட்டாய வீடியோ பரிசோதனையும். எண்ணத்தை ஆராயும் வேலை ஆட்டம் முடிந்த பிறகு லீக்கின் வீரர் பாதுகாப்புத் துறையின் வேலையாக இருக்கட்டும். சர்வதேச ஹாக்கி சம்மேளன விதியில் தலையில் அடித்ததற்கு 5 நிமிட மேஜர் ஏற்கெனவே இருக்கிறது. ஒலிம்பிக்கில் இதே என்ஹெச்எல் வீரர்கள் அந்த விதியில்தான் விளையாடுகிறார்கள், ஆட்டம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

சாவர்டுக்கு அடிபட்ட அதே 2010 மார்ச் மாதத்தில், சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே பொது மேலாளர்கள் கூடி, வீரர் சங்கமும் ஒத்துக்கொண்டு, புதிய தடை அமலுக்கு வந்துவிட்டது. இப்போது விதிப் புத்தகத்தில் 48.3 என்ற இடத்தில், இந்த விதியில் மேஜர் பெனால்டிக்கு இடமில்லை என்ற ஒற்றை வரி இருக்கிறது. மாற்ற வேண்டிய முதல் வரி அது.