காட்டிலிருந்து இறக்கப்பட்டவர்கள்

மலாயாவில் 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில், அந்நாட்டுப் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்களைக் காட்டிலிருந்து அகற்றியது அவர்களின் பாதுகாப்புக்காகவே என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. காட்டிலிருந்து ஆங்கில ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட கம்யூனிஸ்டுகளுக்கு உணவும் தகவலும் கிடைக்காமல் தடுப்பதே முதல் நோக்கம். முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்ட மலைவாழ் மக்களில் நூற்றுக்கணக்கானோர் பழகாத வெப்பத்தாலும் நோயாலும் மாண்ட பிறகே, ஆங்கில அதிகாரிகள் காட்டுக்குள்ளேயே கோட்டைகள் அமைக்கும் முறைக்கு மாறினர். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்த நான், பெத்தாய் என்னும் காட்டு அவரையை விற்கச் சந்தைக்கு வரும், ஓராங் அஸ்லியரில் ஒரு பிரிவினரான தெமியார் மக்களைச் சிறுவயது முதல் அறிவேன் (அவர்களைச் 'சக்காய்' என்ற இழிசொல்லால் நாமும் கூசாமல் அழைத்தோம்). 1954இல் இயற்றப்பட்ட பூர்வகுடிச் சட்டமோ, அவர்களின் பழமரங்களுக்கு இழப்பீட்டைக் கட்டாயமாக்கிவிட்டு, அம்மரங்கள் நிற்கும் நிலத்துக்கான இழப்பீட்டை மாநில அரசின் விருப்பத்துக்கே விட்டது. அச்சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது.