அந்த 94 சதவீதம் வெள்ளை சேஜுக்கு உரியதல்ல

வாசனைப் புகைக்காகக் காயவைத்து எரிக்கும் வெள்ளை சேஜ் என்ற செடியின் புகை காற்றிலுள்ள கிருமிகளில் 94 சதவீதத்தை அழிக்கும், ஆய்வே இருக்கிறது என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆய்வில் வெள்ளை சேஜ் கிடையாது. 2007இல் லக்னோ தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் வெளியிட்டது அது. மூடிய அறையில் ஒரு மணி நேரம் அவர்கள் எரித்தது நம் ஊர் ஹோமத்தில் இடும் விறகும் மூலிகைகளும் கலந்த ஹவன் சாமக்கிரி. அந்த எண்ணைக் கொண்டுவந்து கலிபோர்னியச் செடிக்குச் சூட்டியது பெரிய தவறு.

வெள்ளை சேஜ் தெற்குக் கலிபோர்னியாவிலும் அதை ஒட்டிய மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவிலும்தான் இயல்பாக வளரும். அங்குள்ள சுமாஷ், கவீயா, கூமியாய் பூர்வகுடி மக்களுக்கு அது மருந்தும் உணவும் வழிபாடும். விதையை அரைத்து மாவோடு கலந்து உண்பார்கள், சளிக்கு இலை. இன்றோ கட்டுக்கட்டாக விற்பதற்காக கலிபோர்னியாவின் ரான்சோ குக்கமோங்கா நகரப் பக்கத்துக் காப்புநிலங்களில் திருட்டுத்தனமாக வெட்டுகிறார்கள். வேதனையான விஷயம். வாங்குவதென்றால் தோட்டத்தில் வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

வாசனைக்கு ஒரு காய்ந்த இலை போதும். மண் சட்டியில் மணல் பரப்பி, இலை நுனியைக் கொளுத்தி, சுடர் பிடித்ததும் அணைத்துக் கனலவிடுங்கள். இலைகளைத் தடித்த கட்டாக எரித்தால் இதுதான் ஆபத்து: வெளியே அணைந்ததுபோல் தெரியும், உள்ளே கங்கு இருக்கும். மணலில் அழுத்தித் தேய்த்து, சூடு போனதா என்று பார்த்த பிறகே நகருங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். ஆஸ்துமாக்காரர்களும் கூண்டுப் பறவைகளும் உள்ள வீட்டில் இந்தப் புகையே வேண்டாம்.